மரண ரயிலைப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது?

கேள்வி: வாசகர் ஒருவர், மார்ச் 2

என் மகள் படிவம் 4 படிக்கிறாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போட்ட மரண ரயிலைப் பற்றிப் பாடம் எடுத்தபோது எலும்பும் தோலுமாக நிற்கும் கைதிகளின் படங்களை ஆசிரியர் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போர் எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது, எப்படி முடிந்தது, இவ்வளவு போதாதா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கோரமெல்லாம் எதற்கு? பட்டவர்களே நம்மிடம் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் ஏன் திறக்கணும்?

மார்ச் 2, இரவு 10:40

சொல்லித்தான் ஆகணும். ஆனால் படத்தில் ஆரம்பித்திருக்கக் கூடாது.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படங்களில் இருந்தவர்கள் யார் என்று மகளிடம் கேட்டீர்களா? வெள்ளைக்காரக் கைதிகளாகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ்காரர், டச்சுக்காரர். பரவலாகக் கிடைப்பது அவர்கள் படம்தான். அதே காட்டில் அவர்களைவிடப் பல மடங்கு செத்த நம் தோட்டத்து ஆட்களின் படத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள், சரி. யாருக்காக என்று அவளுக்குத் தெரியுமா?

மார்ச் 3, காலை 6:55

நேற்று எழுதியது கொஞ்சம் காரமாகப் போய்விட்டது என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். போகட்டும். விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக்கில் இடைநிலைப்பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பு முடிய பத்து நிமிடம்தான் இருக்கும். பாடநூலில் அதற்கு ஒதுக்கிய இடம் அவ்வளவு. ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அதிகாலை கோத்தாபாருவில் இறங்கினார்கள், 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது, மூன்று வருஷம் எட்டு மாதம், மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் போட்ட நோட்டு, அடுத்த அத்தியாயம்.

அந்தப் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் நான் எழுதியது எண்கள் மட்டும்தான். 1942 ஜூனில் மிட்வேயில் ஜப்பானியக் கடற்படை அடி வாங்கிய பிறகு மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குச் சரக்குக் கப்பல் அனுப்புவது அவர்களுக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் தரைப்பாதை. மலை, மூங்கில் காடு, மழை. இரண்டு முனையிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்டாவில் சேர்ந்தது. கைதிகள் 60,000க்கு மேல். ஆசியக் கூலிகள், அதாவது நம் தோட்டத் தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர், 2 லட்சத்துக்கு மேல். கைதிகளில் செத்தவர்கள் 12,000 சொச்சம். ஆசியர்களில்? ஒருவர் 70,000 என்பார், இன்னொருவர் 90,000 என்பார்.

இதை எழுதிவிட்டுச் சும்மா நிற்பேன். யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், ஏன் அவங்களுக்கு மட்டும் சரியான கணக்கு இருக்கு?"

அந்தக் கேள்வி வந்த வருஷம் பாடம் நடந்தது என்று அர்த்தம். வராத வருஷமும் உண்டு.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர். பெயர், வயது, படைப்பிரிவு, பலருக்கு வீட்டார் எழுதியனுப்பிய ஒரு வரி. புல் வெட்டி, செடி வைத்து, இன்றைக்கும் பராமரிக்கிறார்கள். 1990இல் அதே காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர்களின் கூட்டுப் புதைகுழி ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. ஒருவனுக்கும் பெயர் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கோரம் இதுதான் என்பது என் கட்சி. இதற்குப் படம் தேவையில்லை.

மார்ச் 3, மதியம் 1:20

கீழே ஒருவர் "ஒன்றரை லட்சம் தமிழர்கள் பலி" என்று போட்டிருக்கிறார். பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடுகளில் எல்லா ஆசியரையும் சேர்த்தே அவ்வளவு வராது. இன்னொருவர் "ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் உயிர்" என்று எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, மேடையில் கைத்தட்டலும் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டவாளத்தின் அடியில் முக்கால் மீட்டருக்கு ஒரு கட்டை என்று வைத்தாலே 415 கிலோமீட்டருக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டை வரும். படிவம் 2 பிள்ளைகூட இந்த வகுத்தலைப் போடும். போட்டுப் பார்த்துவிட்டு, "இது பொய்னா மத்ததும் பொய்யா இருக்குமோ" என்று நினைக்கும். நடந்ததே தாங்க முடியாதது. அதன்மேல் நாம் ஏன் கூட்டி வைக்கணும்?

மார்ச் 4, இரவு 9:15

"பட்டவர்களே வாய் திறக்கவில்லை" என்ற வரியைப் பற்றி.

எங்கள் சின்னத்தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பியவர். அவர் வாய் திறக்காதவர் இல்லை. ஓயாமல் பேசுவார். ஆனால் எல்லாம் வேடிக்கைக் கதை. ஜப்பான்காரன் அடுக்களையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு திருடியது, யானை ஒன்று மூங்கில் குடிசையைச் சரித்தது, ஜப்பானிய மொழியில் எண்ணத் தெரியாமல் ஒருவன் தமிழ் எண்களையே அந்த ராகத்தில் இழுத்துச் சொல்லித் தப்பித்தது. நாங்கள் லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், விழுந்து விழுந்து சிரிப்போம். சயாம் என்றால் ஏதோ எஸ்டேட் பிக்னிக் என்றே எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அவரோடு போனவர்கள் எத்தனை பேர், திரும்பியது எத்தனை பேர் என்று கேட்கவே தோன்றவில்லை. எனக்கு வேலை கிடைத்து, புத்தகம் வாங்கிப் படித்து, கேள்விகளோடு நான் வீடு திரும்பியபோது அவர் இல்லை.

ஆகவே "வீட்டிலேயே சொல்லிக்கொள்வார்கள்" என்கிற வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பிள்ளைகள் முன்னால் எதைச் சொல்லலாம் என்று வீடு தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கத்தான் செய்யணும், அது வீட்டின் வேலை. அதனால்தான் மீதியைச் சொல்ல வேறோர் இடம் வேண்டியிருக்கிறது.

மார்ச் 4, இரவு 9:50

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த வேடிக்கைக் கதைகளை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நன்றாகவே எடுபடும். கிழங்கு திருடிய கதையில் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்தபின் "ஏன் திருடினார்?" என்று கேட்டால் போதும். வீட்டுக் கதையைப் பொய் என்று தள்ளாமலே உள்ளே போக ஒரு வழி அது.

மார்ச் 5, காலை 7:30

காலரா பற்றிக் கேட்டவருக்கு.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே கிருமி. ஆனால் கைதிகள் முகாமில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதே, தட்டைக் கொதிநீரில் முக்கிவிட்டுச் சாப்பிடு, கழிப்பறைக் குழியை அங்கே வெட்டு, இப்படி உத்தரவு போட ஆள் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை, சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போயிருந்தார்கள். நோய் வந்தவனைப் பார்த்து மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், ஓடிய இடத்தில் செத்தார்கள். பிற்பாடுதான் சிங்கப்பூர்க் கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களைப் பிரித்துக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். கே படை, எல் படை என்று பெயர். அவ்வளவு பேருக்கு அவர்கள் எம்மாத்திரம்?

இதை நான் வரலாற்றுப் பாடமாக நடத்தவில்லை. அறிவியல் ஆசிரியரோடு பேசி, அவர் காலரா நடத்தும் வாரத்தில் நானும் இதை நடத்துவேன். ஒரே நோய், இரண்டு முகாம், வெவ்வேறு சாவு எண்ணிக்கை, ஏன்? பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். யாரும் சோறு சாப்பிடாமல் இருந்ததாக நினைவில்லை. ஒரு பையன் மட்டும் கொஞ்ச நாளைக்குக் கேண்டீன் தண்ணீரைக் குடிக்க மறுத்தான். எங்கள் கேண்டீன் தண்ணீருக்கு அது நியாயமான முடிவுதான்.

மார்ச் 5, இரவு 11:05

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம் போடணும். படிப்பவர் "ஒழுங்கு இருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து எஃப் படை என்று 7,000 கைதிகளை அனுப்பினார்கள். ரயிலில் இறக்கிவிட்டு, இரவு இரவாக மழையில் 300 கிலோமீட்டர் நடக்க வைத்து, சோங்குராய்ப் பக்கம் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு மருத்துவர்களும் இருந்தார்கள், ஒழுங்கும் இருந்தது. அப்படியும் 3,000க்கு மேல் செத்தார்கள். ஒழுங்கு ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். பட்டினி போட்டு வேலை வாங்குகிறவன் முன்னால் கொதிநீர் என்ன செய்யும்.

மார்ச் 6, காலை 8:10

"எஸ்பிஎம் தேர்வில் கட்டாயக் கேள்வியாக வைத்தால் எல்லாரும் படிப்பார்கள்" என்கிறார் ஒரு நண்பர். படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வைச் சொல்கிறார்.

படிப்பார்கள். 415ஆ 514ஆ என்று படிப்பார்கள். 2013லிருந்து வரலாற்றில் தேறினால்தான் எஸ்பிஎம் சான்றிதழே. அதன் பலனைக் கண்ணால் பார்த்தவன் நான். டியூஷன் சென்டரில் மரண ரயிலுக்கு ஒரு குறுக்குவழிச் சொல் கண்டுபிடித்து ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டாம் ஐயா.

மார்ச் 7, இரவு 10:30

இதுவரை எழுதியதெல்லாம் சுலபமான பகுதி. ஜப்பான்காரன் கொடுமை செய்தான், நாம் செத்தோம், யாரும் எண்ணவில்லை. பள்ளிகள் இதைச் சொல்லத் தயங்குவது பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பதால் என்று சொல்கிறார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. பயம் பெரியவர்களுக்குத்தான். ஏனென்று சொல்கிறேன்.

போர் வந்ததும் ரப்பருக்கு மேற்கே சந்தை போயிற்று. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள், அல்லது முகாமில் அடைபட்டார்கள். மிஞ்சியது கணக்கு எழுதும் கிராணி, ஆட்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர். ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது, எந்த லயத்தில் எவன் இருக்கிறான் என்று தெரியாது. செக்ரோல், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேடு, யார் கையில் இருந்தது? காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்பில், நின்று பேர் கூப்பிட்டவன் யார்?

முதலில் ஆசை காட்டினார்கள். நாளைக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத ஒப்பந்தம், அரிசி உண்டு, முடிந்ததும் வீடு. சிலர் நம்பிப் போனார்கள். மூன்று மாதம் ஆகியும் ஒருவனும் திரும்பாததைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை யாரும் முன்வரவில்லை. பிறகுதான் சாலையில் மடக்குவது, இலவசப் படம் என்று கொட்டகைக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றுவது எல்லாம். கூடவே தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். அந்தத் தலைகளைப் பொறுக்கிக் கொடுத்தது நம் ஆட்கள்.

யாரைப் பொறுக்கினார்கள்? கேட்கவே வேண்டாம். கடன் வைத்தவனை, எதிர்த்துப் பேசியவனை, கேட்க ஆள் இல்லாதவனை. சாதியும் அதில் இருந்தது. இல்லை என்று யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம்.

எங்கள் பாட்டி கடைசிவரை ஒரு குடும்பத்தின் வீட்டில் கை நனைத்ததில்லை. கல்யாணத்துக்குப் போவார், மொய் எழுதுவார், பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார். காரணம் கேட்டால் "வயிறு சரியில்லைடா" என்பார். அந்த வீட்டுப் பெரியவர்தான் சண்டைக் காலத்தில் கிராணி.

இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதா? என் பதில்: இதைத்தான் சொல்லிக்கொடுக்கணும். பிணம் எரிந்த கதையைவிட இது பிள்ளைக்கு உபயோகம். ஜப்பானியப் படை திரும்ப வரப்போவதில்லை. பட்டியல் எழுதச் சொல்லி மேலிருந்து ஒரு தாள் வருவது எந்த ஆபீசிலும் நடக்கும்.

மார்ச் 8, காலை 9:00

எதிர்பார்த்த மாதிரியே அடி விழுந்திருக்கிறது. "இனத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்கள்", "கிராணி எழுதவில்லையென்றால் அவனையே ஏற்றியிருப்பார்கள்", "பிள்ளைகள் மத்தியில் பகை வளர்க்கிறீர்கள்."

இரண்டாவது வாதம் உண்மை. நான் மறுக்கவில்லை, பாட்டியிடம் சொன்னால் மறுத்திருப்பார். சில கிராணிகள் இளைஞர்களைக் காட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள், செத்தவன் பேரை எழுதிக் கணக்குக் காட்டினார்கள் என்றெல்லாம் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதையும் அதே வகுப்பில் சொல்லணும். ஒருவன் எழுதினான், ஒருவன் ஒளித்தான், இருவருக்கும் பயம் ஒன்றுதான். பதினாறு வயதுக்கு இது புரியாதா? என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவை சிகரெட்டுக்கு யார் யாரை ஹெட்மாஸ்டரிடம் மாட்டிவிட்டது என்று தினம் பஞ்சாயத்து வைத்த பிள்ளைகள். நன்றாகவே புரியும்.

மார்ச் 8, மாலை 6:45

நேதாஜி பேச்சை இழுத்துவிட்டார்கள். இழுத்தது நல்லதுதான்.

நம் வீடுகளில் நேதாஜி படம் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது, முருகன் படத்துக்குப் பக்கத்தில். 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்தார், தோட்டத்துப் பெண்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள், அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்கள். பெருமைதான். தோட்டக்காரனை முதன்முதலாக மனிதனாகக் கூப்பிட்டவர் அவர் என்று சொல்கிற கிழவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ராணுவத்துக்குக் கை கொடுத்த அதே ஜப்பான்தான் அதே மாதங்களில் அதே தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆள் ஏற்றியது. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதற்காகவே சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

தைப்பூசத்தில் இரண்டு காவடி எடுக்கிறவன் மாதிரி, ஒரே தோளில் இரண்டையும் சுமக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்கணும். பெருமையை மட்டும் கொடுத்து அனுப்பினால் மற்றது என்றைக்காவது இணையத்தில் கண்ணில் படும். அன்றைக்கு நம்மையும் நம்பாது, நேதாஜியையும் நம்பாது.

மார்ச் 10, இரவு 8:20

"சார், அப்போ ஜப்பான்காரங்க கெட்டவங்களா?"

இதைக் கேட்டவன் பையில் ஜப்பானியக் கார்ட்டூன் படம் தொங்கும். 1982இல் பிரதமராக இருந்த மகாதீர் கிழக்கை நோக்கு என்று கொள்கை அறிவித்ததிலிருந்து நம் நாட்டில் ஜப்பான் என்றால் உழைப்பு, சுத்தம், நல்ல கார். அவன் அக்கா அங்கே படிக்கப் போயிருந்தாள். நான் சொன்னது இவ்வளவுதான்: முகாம்களில் காவல் நின்று அடித்தவர்களில் பலர் கொரியர்கள். கொரியாவும் அப்போது ஜப்பானிடம் அடிமை. அடி வாங்கியவன் தனக்குக் கீழே இருந்தவனை அடித்தான். இதில் கெட்டவன் யார் என்று நீயே யோசித்து நாளைக்குச் சொல்.

மறுநாள் வந்து "எல்லாரும்தான் சார்" என்றான். பரவாயில்லை, பதினாறு வயதுக்கு நல்ல பதில்.

ஜப்பானிலேயே இந்தத் தகராறு ஓய்ந்தபாடில்லை. இயெனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர், தன் பாடநூலில் போர்க் கொடுமைகளை எழுதிய பகுதிகளை அரசாங்கம் மாற்றச் சொன்னதை எதிர்த்து 1965இல் வழக்குப் போட்டார். கடைசி வழக்கு முடிந்தது 1997இல். ஓகினாவா சண்டையில் மக்களைத் தற்கொலைக்குத் தள்ளியதில் ராணுவத்தின் பங்கைப் பாடநூலில் மழுப்பியபோது 2007இல் ஓகினாவா மக்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். 2023இல் ஹிரோஷிமா நகரின் கல்வி வாரியம், அணுகுண்டில் தப்பிய சிறுவனைப் பற்றிய புகழ்பெற்ற படக்கதையின் பக்கங்களைத் தன் அமைதிப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. அதில் தாயின் பசிக்காகப் பையன் அடுத்தவர் வீட்டுக் குளத்து மீனைத் திருடுகிறான். அதெல்லாம் இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் புரியாது, தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

ஹிரோஷிமாவே இப்படி என்றால் நம் படிவம் 4 எம்மாத்திரம் என்று அன்றைக்கு நினைத்தேன். எங்கள் சின்னத்தாத்தாவின் கிழங்கும் பாடத்திட்டத்தில் தேறியிருக்காது.

மார்ச் 11, காலை 7:00

சம்பந்தமில்லாத ஒன்று. மரண ரயில் பாதையில் உள்ள குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய பழைய ஹாலிவுட் படத்தைப் பள்ளியில் போடலாமா என்று கேட்டவருக்கு: பொழுதுபோக்குக்குப் போடுங்கள். பாடத்துக்கு ஆகாது. பாலத்தைப் போட்டது உண்மையில் மே குலோங் ஆற்றின்மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்டதில், தாய்லாந்து அரசு 1960 வாக்கில் அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டது! படத்தை எடுத்ததோ இலங்கையில், கித்துல்கலவில். நம் ஆட்கள் வேலை செய்து செத்த கதையை எடுக்க இன்னொரு தமிழ்த் தேயிலைத் தோட்டப் பக்கமாகப் போயிருக்கிறார்கள், கதையில் மட்டும் நாம் இல்லை.

மார்ச் 13, இரவு 9:40

"சரி, எப்படிச் சொல்வது என்று உருப்படியாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேள்வி கேட்டவரே மறுபடி வந்திருக்கிறார்.

ஜெர்மனியில் 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடி ஒரு பொது உடன்பாட்டுக்கு வந்தார்கள். அரசியல், வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு அங்கே இன்றும் அதுதான் கைப்பிடி. அதில் முதல் விதி: மாணவனை உணர்ச்சியால் அமுக்கித் தன் முடிவுக்குக் கொண்டுவரக் கூடாது. அவன் யோசிக்க இடம் விடணும். இரண்டாவது: அறிஞர்களுக்குள் தகராறு உள்ள விஷயத்தை வகுப்பிலும் தகராறாகவே வைக்கணும். வதைமுகாம்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாடு அது. எதையும் மறைப்பதில்லை. ஆனால் அழ வைப்பதை வெற்றியாகவும் எண்ணுவதில்லை.

உங்கள் மகளின் ஆசிரியர் செய்ததில் எனக்குள்ள குறை இதுதான். படத்தைப் போட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டால் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? மூன்று பாடவேளை கிடைத்தால் நான் செய்வது: முதல் வேளை எண்கள், வரைபடம், யார் யார் போனார்கள். இரண்டாவது, ஆள் எப்படிச் சேர்த்தார்கள். மூன்றாவதில்தான் முகாம். அதிலும் படம் என்றால் ஒன்று போதும், அதுவும் இதோ காட்டப்போகிறேன், பார்க்க விரும்பாதவர்கள் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு. குனிந்தவனை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை.

மார்ச் 14, மாலை 5:15

நாடகம் போடலாமே, "நீ கிராணி, நீ கூலி" என்று பிரித்து நடிக்க வைக்கலாமே என்று ஒரு இளம் ஆசிரியர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார்.

தம்பி, வேண்டாம். என் கூட வேலை பார்த்தவர் ஒருவர் செய்தார். "நாளைக் காலைக்குள் பத்து பேர் வேண்டும், வகுப்பிலிருந்து எழுது" என்று தாளைக் கொடுத்தார். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. எட்டுத் தாளில் ஒரே பையனின் பெயர் முதல் வரியில் இருந்தது. திக்கு வாயுள்ள பையன். அவன் அந்த வருஷம் முழுக்கப் பேசவே இல்லை. பாடம் தத்ரூபமாக நடந்தது என்றே சொல்லலாம், அதுதான் பிரச்சினை.

காகிதத்தைக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். பிள்ளைகளையே பாத்திரமாக்காதீர்கள்.

மார்ச் 16, காலை 8:30

"முள்ளிவாய்க்காலையும் இப்படிப் பள்ளியில் சொல்வீர்களா?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்ல முடியாது. சயாமுக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மாவே அந்தக் கடற்கரையில் இருந்தவர். அதைப் பற்றி அங்கே பாடம் எடுக்கிறவர்கள் எழுதினால் வாசிக்கக் காத்திருக்கிறேன். பேராக்கிலிருந்து உபதேசம் செய்ய மாட்டேன்.

மார்ச் 20, இரவு 10:10

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மகள் சாப்பிடுகிறாளாம். கோலசிலாங்கூர்ப் பக்கம் இருக்கும் பெரியபாட்டிக்குத் தொண்ணூறு வயசு தாண்டிவிட்டது, அவரிடம் சயாம் பற்றிக் கேட்கப் போகணும் என்று அடம் பிடிக்கிறாளாம். என்ன கேட்கச் சொல்ல என்று கேட்கிறார்.

"எப்படி இருந்தது பாட்டி" என்று கேட்க வேண்டாம். அதற்கு "என்னத்த சொல்ல" என்றுதான் பதில் வரும். சின்னக் கேள்விகள் கேட்கட்டும். தோட்டத்தின் பெயர் என்ன, எந்த டிவிஷன். வீட்டிலிருந்து யார் போனது, அவருக்கு எத்தனை வயசு. எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், கையில் என்ன கொடுத்து அனுப்பினீர்கள். கடுதாசி ஏதாவது வந்ததா. திரும்பி வராதவருக்குக் காரியம் எந்தத் தேதியில் செய்தீர்கள், தேதியை எப்படி முடிவு பண்ணினீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்துக் கேட்கணும், பாட்டி சோர்ந்திருந்தால் விட்டுவிடணும். போனிலேயே பதிவு செய்யலாம், ஆனால் முதலில் அனுமதி கேட்டுவிட்டு. பெயர்களை அன்றைக்கே நோட்டில் எழுதி, எழுத்து சரியா என்று படித்துக் காட்டணும்.

பாட்டி கிராணி பேரைச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். இங்கே போடும்போது மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒருவர் இந்த இழையை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவரும் எழுதினால் நல்லது.